லிஃப்ட் துரை

கோலாலம்பூரில் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஐந்து மாடியில் ஒரு கட்டடம் எழும்பியபோது, ஊரே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஆல்பியன் பில்டிங் என்று அதற்குப் பெயர். சீமையிலிருந்த ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டியது. முகப்பு முழுவதும் கருங்கல் போலத் தெரியும். தட்டிப் பார்த்தால் சிமெண்டுப் பூச்சு. உச்சியில் ஒரு கோபுரம் உண்டு. அதற்குள் ஏற வழி கிடையாது. ஆற்றைப் பார்த்த பக்கம் கப்பலில் இருப்பதுபோல வட்ட ஜன்னல்கள். அவற்றைத் திறக்க முடியாது. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து மாடர்ன் என்று ஒரே வார்த்தையில் பெயர் வைத்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு வக்கீல் ஆபீசில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என் மேசை அந்தத் திறக்காத ஜன்னல் ஒன்றின் ஓரத்தில் இருந்தது. எனவே அந்த அழகைப் பற்றிப் பேச எனக்குப் பாத்தியதை உண்டு.

அந்தக் கட்டடத்திலேயே சனங்கள் அதிகம் வியந்தது லிஃப்டைப் பார்த்துத்தான். அதை ஓட்டியவன் பக்கிரிசாமி. பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டு வரிசையில் நானும் குடியிருந்தேன், அவனும் குடியிருந்தான். அதனால் அவன் ஏறியதையும் பார்த்தேன், இறங்கியதையும் பார்த்தேன்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியபோது அவன் சிறுவன். அவனுடைய அப்பா புதிய ரயில்வே ஸ்டேஷன் கட்டும் வேலையில் செங்கல் சுமந்தார். வெள்ளை மாடங்களும் வளைவுகளும் குடைகளுமாக அந்த ஸ்டேஷன் எழும்பி, பெரிய துரைகள் எல்லாம் வந்து திறந்து வைத்த சில மாதங்களில், அவர் காய்ச்சலில் போய்விட்டார். பக்கிரிசாமி ரோட்டு வேலைக்குப் போனான். வளர்ந்தான். புஷ்பவல்லியைக் கட்டினான். ஆற்றோரத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசை ஒன்றில் இரண்டு பேரும் குடித்தனம் நடத்தினார்கள்.

இருபத்தாறாம் வருஷத்து வெள்ளத்தைப் பற்றி இந்த ஊரில் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. குடிசை போன திசை தெரியவில்லை. ஒரு சட்டியும் ஒரு பாயுமாகப் புருஷனும் பெண்டாட்டியும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, கடைத்தெருவில் ஒரு மாடிக் கட்டடத்தைப் பிடித்தார்கள். படியில் கால் வைத்ததும் மேலேயிருந்த காவலாளி, "கூலி ஆளுங்களுக்கு மேல இடமில்ல, இறங்கு!" என்று கம்பை ஓங்கினான். மாடி வராந்தாவில் துரைமார்களும் தவுக்கேமார்கள் என்ற சீன முதலாளிகளும் நம்முடைய குமாஸ்தாக் கிராணிமார்கள் சிலரும் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே வெள்ளத்தை வேடிக்கை பார்த்தார்கள். படகு வந்து ஏற்றிக்கொள்ளும் வரைக்கும் இந்த இரண்டு பேரும் கீழே தூணைக் கட்டிப் பிடித்தபடி தண்ணீரில் நின்றார்கள்.

இதை எனக்குச் சொன்னவள் புஷ்பவல்லி. பக்கிரிசாமி சொன்னது வேறு.

"அன்னைக்கு மேல நின்னானுங்களே, அதுல ஒருத்தனுக்காவது கால் நனைஞ்சுதா? அத யோசிச்சுப் பாரு, தம்பி."

அந்தத் தண்ணீரில் நின்ற மனிதன் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருந்தது. மேலே நின்றால் கால் நனையாது என்ற ஒன்றை மட்டும்தான் அவன் கற்றான்.

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை நேராக்கி இருபுறமும் கரை கட்டினார்கள். கரை பலமானதும் அதையொட்டிப் புதுக் கட்டடங்கள் வர ஆரம்பித்தன. ஆல்பியன் பில்டிங் வேலைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போனார்கள். சீனப் பெண்களோடு வரிசையில் நின்று புஷ்பவல்லி மூங்கில் சாரத்தில் ஐந்தாம் மாடி வரை கல்லும் மணலும் ஏற்றினாள். முகப்புப் பூச்சு காய்வதற்குள் நாரால் தேய்த்துக் கழுவி, அதைக் கருங்கல்லாகக் காட்டுகிற வேலையும் அவளுக்குத்தான். விரல் நுனியெல்லாம் வெந்து தோலுரிந்து கிடக்கும்.

வேலை முடிகிற சமயத்தில் பிளான் போட்ட வெள்ளைக்காரர் சுற்றிப் பார்க்க வந்தார். மண்வெட்டியோடு நின்ற பக்கிரிசாமியைக் கண்டார். ஆள் நல்ல உயரம், அகன்ற தோள், மேலே முறுக்கிய மீசை. "லிஃப்டுக்கு இவன் பொருத்தமாக இருப்பான்" என்று மேஸ்திரியிடம் சொன்னார். சற்று முன்னால்தான் வாசலுக்கு எந்தப் பித்தளை விளக்கு பொருந்தும் என்று சொல்லியிருந்தார். குரலில் மாற்றமில்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்த மெக்கானிக் அவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார். பிடியை இந்தப் பக்கம் தள்ளினால் ஏறும், அந்தப் பக்கம் தள்ளினால் இறங்கும், நடுவில் விட்டால் நிற்கும். ஒரு காலைப்பொழுதில் படிப்பு முடிந்தது. பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டும் சிவப்புப் பட்டை போட்ட தொப்பியும் கொடுத்தார்கள். அன்றோடு பக்கிரிசாமி செத்தான், லிஃப்ட் துரை பிறந்தார். அந்தப் பட்டத்தைக் கேலிக்காக வைத்தது எங்கள் வரிசைப் பெண்கள். அவன் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டான்.

மூட்டை சுமக்கும் கூலிகள் பின்படியில் போக வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். துரை அதைத் தன் இஷ்டத்துக்கு நீட்டினார். செருப்பில்லாதவர்களுக்கு லிஃப்ட் இல்லை. வெற்றிலை போட்ட வாய்க்கு இல்லை. துணி மூட்டையோடு வந்த பெண்களுக்கு இல்லை. ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து காலை இழுத்து இழுத்து நடந்து ஒரு கிழவர் எங்கள் வக்கீலைப் பார்க்க வந்தார். அவரையும் படியேற வைத்தான். மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குப் பேச மூச்சில்லை. நான் கீழே போய்க் கேட்டேன்.

"என்னண்ணே, அந்தப் பெரியவர ஏத்தியிருக்கக் கூடாதா?"

"மிஸ்டர்," என்றான். வீட்டில் தம்பி, லிஃப்டில் மிஸ்டர். "இது மாட்டு வண்டி இல்ல. மாடர்ன் பில்டிங். அதுக்குன்னு ஒரு லுக் இருக்கு."

லுக் என்ற சொல்லை யாரோ துரையிடமிருந்து பொறுக்கியிருந்தான். அவனுடைய இங்கிலீஷ் அப்படிப் பொறுக்கிச் சேர்த்ததுதான். மாடி எண்கள், கோயிங் அப், குட்மார்னிங், சாரி மேடம், லுக். இந்த நாலைந்து சாமானை வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸையே மிரட்டிக்கொண்டிருந்தான்.

சாயங்காலத்தில் தண்ணீர்க் குழாயடியில் கூட்டம் சேரும். அங்கே வந்து நின்று ஊரின் கட்டடங்களுக்குத் தீர்ப்பு வழங்குவான். கவர்ன்மெண்டு ஆபீசின் மணிக்கூண்டு அவனுக்குப் பழைய மோஸ்தர். டவுன் ஹால் வெறும் சுண்ணாம்பு. ஸ்டேஷனைப் பற்றிப் பேச்சு வந்தால் முகத்தைச் சுளிப்பான்.

"அது ஸ்டேஷனா? திருவிழாப் பந்தல். எத்தனை குடை, எத்தனை வளைவு! இப்ப எல்லாம் நேர்கோடு, தம்பி. நேர்கோடு இருந்தாத்தான் கட்டடம்."

"உங்கப்பா அதுலதானே செங்கல் சுமந்தாரு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமா. அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்?"

நான் அவனை மனிதர் கணக்கிலிருந்து நீக்கியது அன்றைக்குத்தான்.

புஷ்பவல்லி தினமும் மத்தியானம் அடுக்குக் கேரியரில் அவனுக்குச் சோறு கொண்டுவருவாள். பின்கதவு வழியாக வந்து, படிக்கட்டடியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒருநாள் பின்படிக்குச் சாயம் பூசிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். மழை வேறு. அவள் முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள். புடவை நனைந்து, காலெல்லாம் சேறு. லிஃப்டுக்குள் கம்பெனி மேனேஜரின் மனைவி நின்றிருந்தாள், பக்கத்தில் நான்.

"ஏங்க, பின்னாடி பூட்டியிருக்கு. சோறு இந்தாங்க."

துரை மோட்டுவளையைப் பார்த்தார்.

"ஏங்க, உங்களத்தான்."

"பெர்கி! பெர்கி சானா!" என்றான். தாலி கட்டிய பெண்டாட்டியை, மலாயில், அந்தப் பக்கம் போ என்று விரட்டினான்.

வெள்ளைக்காரப் பெண்மணி அது யார் என்று கேட்டாள். அவள் சும்மாதான் கேட்டாள். கோபமொன்றும் இல்லை. இவன் விறைத்து நின்று பதில் சொன்னான்: "ஸ்வீப்பர், மேடம்."

புஷ்பவல்லிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாத கூலிக்காரர்கள் இந்த ஊரில் இல்லை. சேற்றுக் காலை அந்தப் பளபளத்த தரையில் இன்னும் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள்.

"இந்த அஞ்சு மாடிக்கும் கல்லு சுமந்து ஏறினவ நான். அப்ப எந்த லிஃப்டுடா இருந்துச்சு? கோட்டுக்குள்ள நிக்கிறியே, அந்த உடம்பு யாரு போட்ட சோறு?"

கட்டின புருஷனை நாலு பேர் முன்னால் அவள் "டா" போட்டதை அன்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் அவனை "ஏங்க" என்று கூப்பிட்டதே இல்லை. துரை கம்பிக் கதவை இழுத்துச் சாத்திப் பிடியைத் தள்ளினார். லிஃப்ட் ஏறியது. மேனேஜர் மனைவி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் எதிரே தெரிந்த பித்தளைத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து மிச்சத்தைப் பார்த்தேன். ரோட்டைத் தாண்டி ஆற்றங்கரைச் சுவர் ஓரத்தில், கரை பழுது பார்க்கும் ஆட்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பவல்லி அவர்களிடம் போய்க் கேரியரைத் திறந்து வைத்தாள். அவர்கள் தயங்கினார்கள். அவள் ஏதோ சொன்னாள். பிறகு எல்லோரும் கை கழுவிக்கொண்டு சாப்பிட்டார்கள். துரைக்கென்று வைத்த கருவாட்டுக் குழம்பு அவர்களுக்குப் பிடித்திருக்க வேண்டும். மறுநாள் அவளை வரச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் ஒரு பெரிய பானையோடு வந்தாள். அதற்கு மறுவாரம் சுவரோரத்தில் நாலு கம்பு நட்டு, மேலே சாக்கு கட்டிவிட்டாள். ஆற்றங்கரையில் எந்தக் கட்டடம் எழும்பினாலும் அதன் ஆட்கள் அவளிடம்தான் சாப்பிட்டார்கள். துரை சீனன் கடையில் ரொட்டி வாங்கித் தின்றார்.

இந்தச் சமயத்தில்தான் பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலைக்குப் புதுக் கட்டடம் வேண்டும் என்று பெரிய மனிதர்களுக்குத் தோன்றியது. வாசகசாலையின் தலைவர் மரியநாயகம் ரயில்வேயில் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டையும் கழுத்துப்பட்டையையும் கழற்றிவிட்டுத் தூங்குவாரா என்பதே சந்தேகம். பழைய பலகைக் கொட்டகையில் ஓடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிரம்பானில் இருந்து வந்த யாரோ அதைப் பார்த்து, இதென்ன பட்டிக்காட்டுக் கம்பத்து வீடு மாதிரி என்று சிரித்துவிட்டார்களாம். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக ஒரு மண்டபம் கட்டத் தீர்மானித்தார்கள். எப்படிக் கட்டுவது என்று ஆலோசனை கேட்க அவர்கள் கூப்பிட்ட நிபுணன் பக்கிரிசாமி. ஏன் என்று கேட்காதீர்கள். மாடர்ன் பில்டிங்கில் அவன்தான் ஒரு நாளைக்கு நூறு தடவை ஏறி இறங்குகிறவன். முன்பெல்லாம் அவனை "ஏய்" என்று கூப்பிட்ட மரியநாயகம் அன்று "வாங்க, மிஸ்டர் பக்கிரிசாமி" என்றார். நான் அங்கத்தினன் என்பதால் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஓடு வேண்டாங்கய்யா," என்று ஆரம்பித்தான் துரை. "ஓடு போட்டா கம்பம். மேல தட்டையா இருக்கணும். சுத்திலும் கைப்பிடிச் சுவர் உசரமா எழுப்பணும். முன்னால ஒரு கோபுரம்."

"கோபுரத்துக்குள்ள என்ன வைக்கிறது?"

"ஒண்ணும் வைக்கக் கூடாதுங்கய்யா. அதுதான் மாடர்ன்."

மரியநாயகம் தலையை ஆட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள்.

கட்டட வேலை எடுத்த சீனத் தவுக்கே, மழைத் தண்ணீர் இறங்க முன்பக்கம் இரண்டு குழாய், பின்பக்கம் இரண்டு குழாய் என்று படத்தில் போட்டிருந்தார். துரை படத்தை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். முன்பக்கக் குழாய் இரண்டும் முகத்தைக் கெடுக்கின்றன என்றான். பின்பக்கத்தில் ஒன்று போதும், ஒற்றைக் குழாய்தான் லுக் என்றான். தவுக்கே மறுத்துப் பேசவில்லை. மூன்று குழாய் மிச்சமானால் எந்தத் தவுக்கே மறுப்பார்?

திறப்பு விழாவுக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரியைத் தலைமை தாங்க அழைத்தார்கள். பிற்பகலில் விழா. வாழை மரம், காகிதத் தோரணம், பேண்டு வாத்தியம். துரை தன் லிஃப்ட் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்று எல்லோரையும் உள்ளே அனுப்பினான். மரியநாயகம் இங்கிலீஷில் நீளமாக ஒரு வரவேற்பு வாசித்தார். இந்த நகரத்தின் நதி தீரத்தில் எழும்பியிருக்கும் மகத்தான கட்டடங்களுக்கு எங்கள் மண்டபம் தங்கை என்றார். அந்த அக்காமார்க் கட்டடங்களின் பெயர்களை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது.

கோலாலம்பூர் மழையைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடிச் சுவர் நாலு பக்கமும் உயரமாக நின்றது. ஒற்றைக் குழாயைத் தோரணம் கட்டியபோது விழுந்த காகிதமும் இலையும் அடைத்துவிட்டன. மேலே ஒரு குளம் நிறைந்துகொண்டிருப்பது கீழே யாருக்கும் தெரியாது. முதலில் மின்விசிறி மாட்டியிருந்த கொக்கி ஓரமாக ஒரு சொட்டு அதிகாரியின் கையேட்டில் விழுந்தது. அவர் புன்னகையோடு நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அடுத்தது அவர் தலையில் விழுந்தது. பிறகு சொட்டு என்று சொல்ல முடியாது. கூரையின் நடுவிலிருந்து பூச்சு ஒரு தட்டளவு பெயர்ந்து மேசைமேல் விழ, அதன் பின்னாலேயே குழாய் திறந்ததுபோலத் தண்ணீர் இறங்கியது. பேண்டுக்காரர்கள் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மரியநாயகம் மட்டும் நனைந்தபடி வாசித்துக்கொண்டே இருந்தார். மை கரைந்து அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் வழிந்தது.

அதிகாரி தன் காரில் ஏறப் போனவர் வாசலில் நின்ற தொப்பிக்காரனைப் பார்த்து, "இந்தக் கட்டடத்துக்குப் பிளான் போட்டது யார்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு சொல்லும் துரைக்குப் புரியவில்லை. தெரிந்த இங்கிலீஷில் மரியாதையாக, "கோயிங் அப், சார்" என்றான்.

அதிகாரி அந்தக் கதையைத் தங்கள் கிளப்பில் சொல்லியிருக்க வேண்டும். ஆல்பியன் மேனேஜர் அங்கே கேட்டுச் சிரித்திருக்கவும் வேண்டும். எங்கள் ஆபீசுக்கு வந்த ஒரு துரை அதை என் முன்னாலேயே என் முதலாளியிடம் சொல்லிச் சிரித்தார். கம்பெனி உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான் என்று பக்கிரிசாமியை விலக்கினார்கள். அது சாக்கு. அதற்கு முன்பே லிஃப்டுக்குத் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு பஞ்சாபிக்காரர் நின்றால் இன்னும் கம்பீரமாக இருக்கும் என்று அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தது. பஞ்சாபிக்காரர் வந்தார். கிழவர்கள், வெறுங்காலர்கள், மூட்டைக்காரர்கள் எல்லோரையும் ஏற்றினார். கட்டடம் இடிந்து விழவில்லை.

வாசகசாலைக்காரர்கள் தட்டைக் கூரைக்கு மேல் தகரத்தால் ஒரு சரிவுக் கூரை போட்டார்கள். இப்போது அந்தக் கோபுரத்தின் நுனி மட்டும் தகரத்துக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. மரியநாயகம் அதை இன்னமும் மாடர்ன் மண்டபம் என்றே அழைக்கிறார்.

கோட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு பக்கிரிசாமி பல நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவன் தின்னும் ரொட்டியும் நின்றது. பசி வந்தபோது எழுந்து ஆற்றங்கரைக்குப் போனான். அக்கரையில் வேறொரு கட்டடத்துக்கு அப்போது கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். புஷ்பவல்லியின் சாக்குக் கொட்டகையில் நல்ல கூட்டம். நான் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் வெறுங்காலோடு வந்து கொட்டகைக்கு வெளியே நின்றான். மீசை இறங்கியிருந்தது.

அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள். "என்ன?"

"சாப்பிடலாம்னு..."

"பானைல தண்ணி இல்ல. குழாய் அந்தப் பக்கம் இருக்கு. ரெண்டு வாளி கொண்டுவந்துட்டு உக்காரு."

அவன் வாளிகளை எடுத்துக்கொண்டு போனான். நான் இலையை மடித்துவிட்டு மெதுவாக அவளிடம் கேட்டேன். "அவர சேத்துக்கிட்டீங்களா, அக்கா?"

"சேக்கிறதென்ன, கிராணி? தண்ணி தூக்க எனக்கு ஒரு ஆளு வேணும். இவன் நல்ல உயரமா இருக்கான்."

அதிலிருந்து அவன் அங்கேதான் இருக்கிறான். காலையில் தண்ணீர் தூக்குகிறான், பாத்திரம் கழுவுகிறான், மீன் வாங்கப் பாசாருக்குப் போகிறான். சாப்பிட வருகிறவர்களிடம் அக்கரைக் கட்டடத்தின் ஜன்னல்கள் சரியில்லை என்று சொல்கிறான். அவர்கள் குழம்பு கேட்கிறார்கள். புஷ்பவல்லி அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். திரும்ப "ஏங்க" சொல்வாளா என்று எங்கள் வரிசைப் பெண்களுக்கு ஒரு ஆவல் உண்டு. எனக்கு இல்லை. தினமும் மத்தியானம் பார்க்கிறேன். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு ஆற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் முதலில் சாப்பிடுகிறாள். அவள் எழுந்த பிறகுதான் அவன் தட்டை எடுக்கிறான்.